எடை போட்டு வாங்கிய கம்ப்யூட்டர்

உதிரி பாகங்களை வாங்கிக் கம்ப்யூட்டர் கட்டிக் கொடுக்கும் தொழிலில் கம்ப்யூட்டரைப் பற்றித் தெரிந்திருப்பது இரண்டாம்பட்சம். வாங்க வருகிறவருடைய மச்சானைப் பற்றித்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மச்சான் பம்பாயில் இருப்பார், இல்லாவிட்டால் துபாயில். ஏதோ ஒரு ஆபீஸில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு முறை கம்ப்யூட்டரைப் பார்த்திருப்பார். அதோடு அவர் நிபுணர். நாம் ராப்பகலாகப் படித்ததெல்லாம் அவர் எழுதும் ஒரு இன்லண்ட் லெட்டருக்கு முன்னால் நிற்காது.

எண்பதுகளின் கடைசியில் நானும் தயாளனும் வேலூர் லாங் பஜாருக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மாடியறையைப் பிடித்து உட்கார்ந்தோம். தயாளன் அதுவரை ரேடியோ, டிவி ரிப்பேர் பார்த்தவன். நான் கிளார்க் வேலையை விட்டுவிட்டு வந்தவன். பெயர் போட்ட கம்பெனி கம்ப்யூட்டர் செய்கிற அதே வேலையைச் செய்யும் பெட்டியை, மெட்ராஸ் ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி வந்து பாதி விலைக்குக் கட்டிக் கொடுப்போம். பாதி விலை என்று போர்டில் எழுதியதுதான் தப்பாகிவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் அதில் பாதிக்குக் கேட்டார்கள்.

குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருந்த என் மாமனார் கெடு வைத்துவிட்டார். "பொங்கல் வரைக்கும் பாருங்க மாப்ளே. அதுக்குள்ள பெருசா ஒரு ஆர்டர் வரலைன்னா கடைய மூடிட்டு நம்ம தறிக்கே வந்துடுங்க. லுங்கி மடிக்க ஆள் இல்லாம கஷ்டமா கீது." அன்போடுதான் சொன்னார். அதனால் எதிர்த்துப் பேசவும் வழியில்லை. எனக்கு லுங்கி கட்டுவதில் ஆட்சேபணை கிடையாது. ஆயுசு முழுக்க மடிப்பதில்தான் விருப்பம் இல்லை.

டெய்லர் கடை, சைக்கிள் கடை, போட்டோ ஸ்டூடியோ என்று எதையாவது நடத்தி வாடிக்கையாளரிடம் அவதிப்பட்டவர்களுக்கு நான் சொல்லப் போவது உடனே புரியும். மற்றவர்கள் அநேகமாக என் வாடிக்கையாளராக இருந்தவர்கள்.

கீபோர்டு எதற்கு?

முதலில் வந்தவர் டைப் மாஸ்டர் சிங்காரம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறவர். 'கம்ப்யூட்டர் இங்கு உண்டு' என்று போர்டை முதலில் எழுதி மாட்டிவிட்டு, அதற்கப்புறம் கம்ப்யூட்டரைத் தேடிக்கொண்டு எங்களிடம் வந்தார். திரையில் எழுத்து பச்சையாகத் தெரிய வேண்டுமா மஞ்சளாகத் தெரிய வேண்டுமா என்று கேட்டேன். மச்சானுக்கு எழுதிக் கேட்டுச் சொல்வதாகப் போனவர் பதினைந்து நாள் வரவில்லை. பிறகு வந்து, "மச்சான் ரெண்டும் கலந்தாப்ல கேக்கச் சொன்னாரு" என்றார். அப்படி ஒன்று கிடையாது என்று புரியவைக்க ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று.

அப்புறம் செலவைக் குறைக்க உட்கார்ந்தார். ஹார்டு டிஸ்க் வேண்டாம் என்றார், சரி என்றோம். பிளாப்பி ஓட்டும் டிரைவ் இரண்டுக்கு ஒன்று போதும் என்றார், அதற்கும் சரி என்றோம். பேனாவை எடுத்து இன்னொன்றை அடித்தார். எட்டிப் பார்த்தேன். கீபோர்டு. சார், அது இல்லாமல் கம்ப்யூட்டரிடம் ஒன்றும் சொல்ல முடியாது என்றேன். என் தொழில் அறிவைப் பார்த்து இரக்கப்பட்டவர் போல நிதானமாகச் சொன்னார்: "எங்கிட்ட இருபது டைப்ரைட்டர் கீது சார். அதுல ஒண்ணுத்துக்கு ஒயர் வெச்சி மாட்டி வுடுங்களேன்."

தோல் பார்க்கும் கை

பொங்கல் கெடுவிலிருந்து என்னைக் காப்பாற்ற வந்தவர் என்று நான் நம்பியது ஆம்பூர் கலீல் பாயை. அவருக்குத் தோல் பதனிடும் டேனரி ஒன்றும் அதை ஒட்டினாற்போல ஒரு ஷூ கம்பெனியும் இருந்தன. அவருடைய தம்பிகள் நாலு பேருக்கும் தனித்தனியாக ஷூ கம்பெனி. கடைக்குள் வந்ததும் விஷயத்தைச் சொல்லிவிட்டார். "டிசம்பர்ல ஷூ ஆர்டர் குடுக்க வெளிநாட்டுப் பார்ட்டி வர்றாங்க தம்பி. வர்றவன்லாம் கம்ப்யூட்டர் கீதா, கம்ப்யூட்டர் கீதான்னு பேஜார் பண்றான். ஒண்ணு போட்டுக் குடு. அவன் வந்து போற வரைக்கும் ஓடிச்சின்னா என் தம்பிங்க நாலு பேருக்கும் நீதான் போடற." எனக்கு அங்கேயே பொங்கல் பொங்கிவிட்டது.

பாய் பாகங்களைத் தானே பொறுக்கி எடுப்பேன் என்றார். ஐம்பது வருஷமாகத் தோல் பார்த்த கை. மேஜைமேல் பரப்பி வைத்ததை ஒவ்வொன்றாக எடுத்தார். கட்டைவிரலால் அழுத்தினார், ஓரத்தை வளைத்துப் பார்த்தார், மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தார், உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். கனமாக இருந்தது வலப்பக்கம், லேசாக இருந்தது இடப்பக்கம். பவர் சப்ளையில் நல்லது லேசாக இருந்த பாவத்துக்கு ரிஜெக்ட் ஆயிற்று. மட்டமானது உள்ளே பெரிய இரும்பை வைத்திருந்ததால் ஏ கிரேடு வாங்கியது. கேபினெட் என்கிற வெளிப்பெட்டியில், இரண்டு ஆள் தூக்க வேண்டிய ஒன்று மூலையில் விற்காமல் கிடந்தது. அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது பொட்டி" என்றார்.

திரைக்குப் படம் அனுப்பும் கார்டு இரண்டு விதம் வைத்திருந்தோம். செருகும் ஓரத்தில் தங்க முலாம் தடிப்பாகப் பூசியது ஒன்று, பேருக்குப் பூசியது இன்னொன்று. ஆம்பூர் காற்றுக்குத் தடிப்பானதுதான் தாங்கும் என்று தயாளன் தலைதலையாக அடித்துக்கொண்டான். பாய் கேட்கவில்லை. "தங்கம் பொம்பளைங்க கழுத்துல இருந்தா நாலு பேர் பாப்பாங்க. பொட்டிக்குள்ள இருந்தா எவன் பாப்பான்?" என்று அதை இடப்பக்கம் தள்ளிவிட்டார்.

கடைசியில் விலை. தோல் வியாபாரத்தில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டைப் போட்டு மூடி, அதற்கு அடியில் கையைப் பிடித்து விரலை அழுத்திப் பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிற வியாபாரிக்குத் தெரியக் கூடாதாம். எங்கள் கடையில் நின்றது தயாளன் ஒருவன்தான். இருந்தாலும் பாய் தோளிலிருந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டார். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் எந்த விரலை அழுத்தினாலும் பெரிய வியாபாரி மாதிரி கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினேன். என்ன விலைக்கு முடிந்தது என்பது தயாளனுக்கு மட்டுமல்ல, எனக்கும் மர்மமாகத்தான் இருந்தது. பாய் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் முதுகில் தட்டினார். "வெரல் பேச்சு ஒனக்கு நல்லா வருது தம்பி. பேசாம தோல் வியாபாரத்துக்கு வந்துடு."

ஷூவைக் கழற்றும் இடம்

கம்ப்யூட்டரில் மிச்சம் பிடித்த பணத்தையெல்லாம் பாய் கம்ப்யூட்டர் அறையில் கொட்டிவிட்டார். கண்ணாடித் தடுப்பு, ஜன்னல் ஏசி, தேக்கு மேஜை, சரிகை போட்ட திரைச்சீலை. வாசலில் 'காலணிகளை இங்கே விடவும்' என்று பித்தளைப் பலகை. தூசி ஆகாது என்று எல்லா ஊரிலும் செய்கிற வழக்கம்தான். ஆனால் கம்பெனியில் அத்தனை பேரும் தாங்கள் செய்த ஷூவையே காலில் போட்டுக் காட்ட வேண்டும் என்பது பாய் போட்டிருந்த சட்டம். மேனேஜர் சட்டப்படி பளபளவென்று ஷூ போட்டிருந்தார். அதைக் கழற்றியதும் கட்டைவிரல் சாக்ஸுக்கு வெளியே நின்று எல்லோரையும் பார்த்தது. பெட்டியைக் கொண்டுபோய் வைத்த அன்று முழுக்க அவர் அந்தக் காலை இன்னொரு கால்மேல் வைத்து மறைத்துக்கொண்டே கம்ப்யூட்டரின் பெருமையை மற்றவர்களுக்கு விளக்கினார்.

ஏசியைப் பொருத்தியவன் அதன் பின்பக்கத்தை டேனரியில் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழிப் பக்கம் பார்த்து வைத்து, புதுக்காற்று வரட்டும் என்று அதிலிருக்கும் சின்னக் கதவையும் திறந்துவிட்டுப் போயிருந்தான். அதனால் உள்ளே ஜில்லென்று நாறியது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் குவிந்து கிடந்த ஷூக்களுக்குக் காவலாக உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் கோவிந்தன் சொன்னான்: "இன்னா சார் இது, ஷூ கம்பெனில வந்து வெறுங்கால்ல நிக்கறீங்க."

பொட்டு வைத்த பிளாப்பி

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் டைப் மாஸ்டர் சிங்காரத்தின் பெட்டி ஆட்டோவில் ஏறித் திரும்பி வந்தது. டிரைவ் படிக்கவில்லையாம். திறந்து பார்த்தேன். உள்ளே சந்தன வாசனை கமகமத்தது. பிளாப்பி என்பது அந்தக் காலத்தில் வளைகிற சதுர உறைக்குள் இருந்த மெல்லிய தகடு. உறையில் நீள்வட்டமாக ஒரு திறப்பு இருக்கும். டிரைவ் அந்த வழியாகத்தான் தகட்டைத் தொட்டுப் படிக்கும். மாஸ்டர் இருபது டைப்ரைட்டருக்கும் பொட்டு வைத்துவிட்டு, எல்லா பிளாப்பிக்கும் சரியாக அந்தத் திறப்பில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். பக்தியில் குறை சொல்ல முடியாது. ஒன்றைக்கூட விடவில்லை. ஏன் சார் அங்கே போய் வைத்தீர்கள் என்று கேட்டேன். ஒரு பிளாப்பியை எடுத்து எனக்கே பாடம் நடத்தினார்: "பாருங்க சார், கம்பெனிக்காரனே பொட்டு வெக்க எடம் வுட்டு வெச்சிருக்கான்."

ரப்பர் வைத்தியம்

தோலில் முடி உதிர்வதற்காகச் சுண்ணாம்போடு ஒரு மருந்து கலந்து போடுவார்கள். அழுகின முட்டை நாற்றம் வருவது அதிலிருந்துதான். அந்தக் காற்று செம்பையும் வெள்ளியையும் கறுக்கடித்துவிடும். டேனரியை ஒட்டிய தெருக்களில் வெள்ளிக் கொலுசு வாங்கிய மாதமே இரும்பு நிறமாகிவிடும். பாயின் கம்ப்யூட்டர் மட்டும் தப்பிக்குமா? கார்டின் ஓரம் கறுத்துப்போய்த் திரை இருண்டுவிடும். ஆம்பூரிலிருந்து போன் வரும். பஸ் ஏறிப் போவேன், ஷூவைக் கழற்றுவேன், பெட்டியைத் திறப்பேன், கார்டைப் பிடுங்கி அதன் ஓரத்தைப் பள்ளிக்கூடத்துப் பென்சில் ரப்பரால் தேய்ப்பேன். கறுப்பு போகும், படம் வரும். இந்தத் தொழிலில் இருந்த அத்தனை பேரும் செய்த வைத்தியம் இது. பெரிய நிபுணர்களின் பெட்டிகளைத் திறந்தாலும் ஸ்குரூ டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் இருக்கும், வெளியே காட்ட மாட்டார்கள்.

நானும் காட்டாமல்தான் செய்துகொண்டிருந்தேன். தேய்ப்பதற்கு முன் அறைக் கதவைச் சாத்துவேன், திரைச்சீலையை இழுத்துவிடுவேன். நவம்பரில் ஒரு நாள் சாத்த மறந்துவிட்டேன். பாய் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று முழுவதையும் பார்த்தார். ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ரப்பரை வாங்கினார், அழுத்தினார், முகர்ந்தார். இந்த ஒரு பெட்டி திரும்பி வந்தால் நாலு பெட்டியும் போயிற்று, நானும் குடியாத்தம் போயாயிற்று. தங்க முலாம் தடிப்பான கார்டை இப்போதாவது போடலாம் பாய் என்று ஆரம்பித்தேன். அவர் ரப்பரை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "என் பேரன்கிட்ட இத விட நல்லது கீது. அவன கூப்புட்டா போதுமே, ஒன்ன இன்னாத்துக்கு பஸ் ஏத்தி வரவழைக்கறேன்?"

மாமனார் வந்தார்

டிசம்பர் தொடக்கத்தில் மாமனார் வேலூருக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், கடையையும் ஒரு எட்டுப் பார்க்க வந்தார். நல்ல வேளையாக ஒரு பெட்டி கட்டி முடித்துத் தயாராக இருந்தது. போட்டுக் காட்டினேன். திரையில் அவர் பெயரை வரவழைத்தேன். கூட்டிக் கழித்துக் காட்டினேன். பிரிண்டரை ஓட்டினேன், அது போட்ட சத்தத்துக்குப் பவர் லூமே தேவலை என்று அவர் முகம் சொன்னது. எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரை மூடி வைக்கும் துணி உறையைக் கையில் எடுத்தார். அப்போதுதான் அவர் கண்ணில் உயிர் வந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், நூலை எண்ணினார், ஓரத்தை இழுத்துப் பார்த்தார். "உள்ள கீறது இன்னான்னு எனக்குத் தெரியாது மாப்ளே. இந்த உறை மட்டும் நல்ல நெசவு."

வெள்ளைக்காரர் வந்த அன்று

வெளிநாட்டுப் பார்ட்டி மதியம் வருகிறது என்று நானும் தயாளனும் காலையிலேயே ஆம்பூர் போய்விட்டோம். சுவிட்சைப் போட்டேன். பெட்டி நீளமாக ஒரு கத்து, குட்டையாக இரண்டு கத்து கத்திவிட்டு அடங்கியது. கார்டு படுத்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். திரை இருட்டு. அதன் மூலையில் இருந்த பச்சை லைட் மட்டும் எரிந்தது. ரப்பரை எடுத்துத் தேய்த்தேன். வரவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். தயாளன் கார்டை என் கையிலிருந்து பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தான். "தங்கமே இல்லபா இதுல. நீ தேச்சித் தேச்சியே எடுத்துட்ட." கறுப்பை எடுக்கிறேன் என்று மாதக்கணக்காகப் பேருக்குப் பூசிய தங்கத்தைத்தான் நான் எடுத்துக்கொண்டிருந்தேன். மாற்றுக் கார்டு ரிச்சி தெருவில் இருந்தது. வெள்ளைக்காரர் வாணியம்பாடி தாண்டிவிட்டார் என்று போன் வந்தது.

பாயிடம் போய் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது மூன்றே கேள்வி. பச்சை லைட் எரிகிறதா? எரிகிறது. ஏசி ஓடுகிறதா? ஓடுகிறது. ஒனக்கு டைப் அடிக்கத் தெரியும் இல்ல? தெரியும். "அப்ப போய் உக்காந்து அடி" என்றார். உட்கார்ந்து அடித்தேன். இருட்டுத் திரைக்கு முன்னால், வெறுங்காலோடு, மாமனார் பெயர், மச்சான்கள் பெயர், வாய்விட்டுச் சொல்ல முடியாத சில வார்த்தைகள் எல்லாம் அடித்தேன். அவ்வளவு வேகமாக நான் அதற்கு முன்னும் அடித்ததில்லை, பின்னும் அடித்ததில்லை.

திரையின் முதுகு கண்ணாடிப் பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது. வந்தவர் பூட்ஸைக் கழற்ற மனமில்லாமல் வெளியிலேயே நின்றார். இரண்டு ஆள் தூக்க வேண்டிய அந்தப் பெட்டியையும், அதற்குப் பக்கத்தில் வியர்த்து வழிந்துகொண்டு அடிக்கிற என்னையும் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு வாசலில் கிடந்த ஷூக்களில் மேனேஜரின் ஷூவை எடுத்து, திருப்பிப் போட்டுத் தையலைப் பார்க்க ஆரம்பித்தார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். கம்ப்யூட்டர் பக்கம் அதற்கப்புறம் அவர் திரும்பவே இல்லை.

சாயங்காலம் பெட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று கயிறு தேடிக்கொண்டிருந்தேன். பாய் கூப்பிட்டனுப்பினார். வெள்ளைக்காரர் ஷூவுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பாயின் முகம் கல்யாண வீட்டுக்காரர் முகமாக இருந்தது.

"தம்பிங்ககிட்ட பேசிட்டேன். நாலு பொட்டி போட்டுடு" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "இந்தத் தடவ தங்கம் தடிப்பா இருக்கற கார்டு போட்டுத் தர்றேன் பாய். ஏசிய வேற பக்கம் திருப்பச் சொல்லுங்க. ஒரு நாளும் கெடாது."

"வாணாம்."

"பழைய கார்டே போட்டா கெட்டுப்போவும் பாய்."

"உள்ள கீறதுதானே தம்பி கெட்டுப்போவுது?" என்று என் தோளில் கை வைத்தார். "உள்ள ஒண்ணும் வெக்காத. பொட்டி, முன்னாடி டிவி, பச்ச லைட்டு. போதும். வெலையும் கம்மி, பேஜாரும் இல்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை நாள் பஸ்ஸில் அலைந்தது, தேய்த்தது, பயந்தது எல்லாம் ஒரு தகர டப்பாவுக்கா? முடியாது என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று கேட் வரைக்கும் நடந்தேன். கேட்டில் போனவாரமே பொங்கல் போனஸ் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அதை நின்று இரண்டு தரம் படித்தேன். திரும்பி வந்தேன். பாய் இருந்த இடத்திலேயே, நான் வருவேன் என்று தெரிந்தவராக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"காலிப் பொட்டின்னா தூக்கும்போது லேசா இருக்குமே பாய், தெரிஞ்சிடுமே" என்றேன். என் வாயிலிருந்தா அது வந்தது என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

பாய் ஒரு தொழில்காரனிடம் இன்னொரு தொழில்காரன் பேசுகிற மரியாதையோடு யோசித்துச் சொன்னார்: "கொடோன்ல ரிஜெக்ட் ஆன ஷூ சோல் மூட்ட மூட்டயா கெடக்குது, எடைக்கு அத வாரிப் போட்டு மூடிடு. ஏ கிரேடு மட்டும் போட்டுடாத, கணக்கு கேப்பாங்க."

அந்தப் பொங்கலுக்கு நான் குடியாத்தம் போனது மாப்பிள்ளையாக விருந்து சாப்பிடத்தான் என்பதும், நான் கட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர்களில் ரிப்பேர் என்று ஒரு நாள்கூடத் திரும்பி வராதவை அந்த நாலு மட்டும்தான் என்பதும் இந்தத் தொழிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடும்.